படையும் வீடும் நல்லொலியும்



திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில், வாழைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள ஊர் படவேடு. ஆரணியிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் இவ்வூருக்கு வருவோரில் பெரும்பாலோர் ரேணுகாம்பாள் கோவிலை நாடி வருபவர்கள். ஆயினும் ஊரின் பெயர் வேறொரு பழஞ்செய்தியையும் நமக்குச் சொல்லுகிறது. படைவீடு என்னும் சொல்லே மக்கள் நாவில் படவேடு என்று மருவிற்று. படை தங்கும் இடம் படைவீடு. சம்புவராய மன்னர்கள் இவ்விடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்போடு அவர்களது ஆட்சி தாழ்வுற்றது. கோட்டையும் கொத்தளமும் மறைந்த பின்னரும் பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது.

பெயர் மட்டுமா நிலைத்தது? பழைய வடஆற்காடு மாவட்டமாகிய இப்பகுதி முழுவதும் இன்றளவும் படைக்கு ஆள் அனுப்பும் மண்ணாகவே இருந்து வருகிறது. வேலூர்க் கடைத்தெருவிலுள்ள மணிக்கூண்டின் கல்வெட்டை நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருப்போம்? முதல் உலகப் போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் ஈந்தனர் என்றும் அது கூறுகிறது. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை மக்கள் இராணுவப்பேட்டை என்றே அழைப்பது வழக்கம். நம் பங்குகளிலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று அடையாளம் சொல்லப்படும் வீடுகள் உண்டு. தெருவுக்குப் புதிதாக வருபவருக்கு வழிகாட்டும் பெயராக அது விளங்குகிறது.

இவ்வீடுகளுக்குத் திரும்பி வரும் மனிதரைப் பற்றியே இம்மாதம் சிந்திக்க விரும்புகிறேன். அவர் தம்முடன் கொண்டு வருபவை யாவை? பெயரும் எண்ணும் வெள்ளை எழுத்தில் தீட்டப்பெற்ற கறுப்பு டிரங்குப் பெட்டி, கம்பளி, பதக்கங்கள், கான்டீன் அட்டை. இவற்றோடு பலரும் தவறாமல் கொண்டு வந்த பொருள் ஒன்று உண்டு. அது பாட்டுப் பெட்டி. முற்காலத்தில் டிரான்சிஸ்டர் வானொலியாகவும், பின்னர் வானொலியும் கேசட்டும் இணைந்த 'டூ-இன்-ஒன்' ஆகவும், அதன்பின் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டுடன் கூடிய ஸ்டீரியோவாகவும் அது வந்து சேர்ந்தது. அலமாரியின் மேல் துணி போர்த்தி, பிறர் கை படாமல் அதை அவர் காத்து வருவதையும், மாலை வேளையில் அதன் முன் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்வதையும் கண்டு, 'இவருக்கு ஏன் இந்தப் பித்து?' என்று வீட்டார் வியப்பதுண்டு. சில வீடுகளில் அந்த வியப்பு சலிப்பாகவும், சலிப்பு சச்சரவாகவும் வளர்ந்து விடுகிறது. ஆகவே இப்பித்தின் வேர் எங்கே உள்ளது என்று அறிந்து கொள்வது குடும்ப நலனுக்கு உகந்ததே.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். நல்லொலிக் கருவிகளை 'ஹை-ஃபை' என்கிறோம். 'ஹை ஃபிடெலிட்டி' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. ஃபிடெலிட்டி என்றால் பற்றுறுதி, உண்மை தவறாமை, விசுவாசம். பாடியவரின் குரலையும் வாசித்தவரின் நாதத்தையும் கூட்டாமல், குறைக்காமல், திரிக்காமல் நம் செவியில் ஒப்படைப்பதே ஹை-ஃபை கருவியின் கடமை. மூலத்திற்கு உண்மையாயிருத்தலே அதன் இலக்கணம். படைவீரர் ஏற்கும் உறுதிமொழியின் உயிர்நாடியும் இதுவே. அமெரிக்கக் கடற்படைப் பிரிவினரான மரீன் படையின் குறிக்கோள் வாசகமும் 'என்றும் விசுவாசமாக' என்று பொருள்படும் இலத்தீன் தொடரே. சொல்லளவில் அமைந்த இந்த ஒற்றுமை தற்செயலானது. ஆனால் நல்லொலியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஏடுதோறும் படைவீரர்கள் எதிர்ப்படுவது தற்செயலானதன்று.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பணியாற்றிய ஜாக் முல்லின் என்ற அமெரிக்கர், தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவைச் சேர்ந்தவர். நள்ளிரவு கடந்தும் பணியிலிருந்த அவர், ஜெர்மானிய வானொலியில் முழு இசைக்குழுவொன்று வாசிப்பதைக் கேட்டார். இசைத்தட்டாயிருந்தால் ஊசி உராயும் ஓசை கேட்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டு மாற்றும் இடைவெளியும் நேர வேண்டும். இவ்விரண்டும் இல்லை. அப்படியானால் அந்த அகால வேளையில் இசைக்கலைஞர்கள் உண்மையிலேயே அமர்ந்து வாசிக்கிறார்களா? விடை தெரியாமலே போர் முடிந்தது. 1945-ல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு அருகே பாட் நௌஹைம் என்னும் ஊரின் வானொலி நிலையத்தில் அப்புதிர் விடுபட்டது. காந்தப் பூச்சுள்ள நாடாவில் ஒலியைப் பதிவு செய்யும் 'மேக்னடோஃபோன்' என்னும் இயந்திரம் அங்கு இருந்தது. இயந்திரங்கள் இரண்டையும் நாடாச் சுருள்கள் ஐம்பதையும் முல்லின் பகுதி பகுதியாகப் பிரித்து, பல பொதிகளாகத் தம் வீட்டிற்கு அஞ்சலில் அனுப்பினார். 1946 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் அவர் அதை இயக்கிக் காட்டியபோது பொறியியலாளர்கள் வியந்தனர். மறு ஆண்டு பாடகர் பிங் கிராஸ்பி தம் வானொலி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அவரை அழைத்துக் கொண்டார். 1948-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவு இயந்திரம் வெளிவந்தது. பிற்காலத்தில் நம் இல்லங்களில் புழங்கிய கேசட்டு அந்த நாடாவின் வழித்தோன்றலே. போர்க்களத்திலிருந்து பலர் துப்பாக்கியையும் வாளையும் நினைவுப் பொருளாகக் கொணர்ந்தனர். இவரோ இசையைக் கொணர்ந்தார்.

இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஜான் பவர்ஸ், ராய் வில்கின்ஸ் ஆகிய இருவர் போர்க்காலத்தில் அரச தகவல் தொடர்புப் படையில் சந்தித்து நண்பர்களானவர்கள். போருக்குப் பின் வொர்திங் என்னும் கடற்கரை நகரில் இருவரும் சேர்ந்து வானொலிக் கடை வைத்தனர். விற்பனைக்கு வந்த ஸ்பீக்கர்கள் பவர்ஸின் செவிக்கு நிறைவளிக்கவில்லை. கடையின் பின்புறத்தில் தாமே ஸ்பீக்கர்கள் செய்து வாடிக்கையாளர்களுக்குத் தரலானார். அவருடைய கைப்பணியையும் இசைப் பற்றையும் மதித்த ஒரு மூதாட்டி, தம் மறைவுக்குப் பின் 10,000 பவுன் அவரைச் சேருமாறு உயில் எழுதி வைத்தார். அத்தொகையைக் கொண்டு 1966-ல் தொடங்கப்பெற்றதே உலகப் புகழ் வாய்ந்த 'பவர்ஸ் அண்டு வில்கின்ஸ்' ஒலிபெருக்கி நிறுவனம். 1961-ல் 'கெஃப்' நிறுவனத்தைத் தோற்றுவித்த ரேமண்ட் குக் என்பவரும் போர்க்காலத்தில் கடற்படையில் வானொலி இயக்குநராகப் பணிபுரிந்தவரே.

இவர்கள் அனைவரினும் என் உள்ளத்தைத் தொடும் வரலாறு பால் கிளிப்ஷ் என்னும் அமெரிக்கருடையது. பீரங்கிக் குண்டுகளைச் சுட்டுச் சோதிக்கும் இராணுவத் திடலொன்று ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹோப் என்னும் சிற்றூரில் இருந்தது. அங்கு அதிகாரியாகப் பணியாற்றிய கிளிப்ஷ், பகலெல்லாம் வெடியோசையில் வாழ்ந்து, மாலையில் தம் குடியிருப்பின் மூலையில் தாமே செய்த ஒலிபெருக்கியை இயக்கிச் சக அதிகாரிகளுக்கு இசை கேட்பிப்பார். கேட்டவர்கள், 'இதை விற்பனைக்குச் செய்தாலென்ன?' என்று தூண்டினர். போர் முடிந்ததும் அதே சிற்றூரில், ஒரு தகரக் கொட்டகையில், 1946-ல் தொழிலைத் தொடங்கினார். மக்கள் அவரைக் 'கர்னல்' என்றே அழைத்து வந்தனர். 2002-ல், தொண்ணூறு வயதைக் கடந்து, அவ்வூரிலேயே காலமானார்.

அவருடைய கருவியின் தத்துவம் நமக்குப் புதிதன்று. நாதஸ்வரத்தின் முனையிலுள்ள அணசு ஏன் விரிந்த வாயோடு அமைந்துள்ளது? குறுகிய குழலில் அதிரும் சிறிதளவு காற்று, படிப்படியாக விரியும் வாய் வழியே வெளிவரும்போது, பரந்த வெளியின் காற்றை எளிதில் அசைக்கிறது. திருவிழாக் காலங்களில் பனைமரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் அவ்வகையினதே. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழுவதைப் போன்ற தாழ்ந்த ஒலிகளை அவ்வாறு பெருக்குவதற்கு மிக நீண்ட, மிக அகன்ற கூம்பு வேண்டும். அது வீட்டுக்குள் அடங்காது. கிளிப்ஷ் அக்கூம்பை மடித்து ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கி, பெட்டியை அறையின் மூலையில் வைத்தார். அம்மூலையின் இரு சுவர்களும் கூம்பின் தொடர்ச்சியாகிவிட்டன. வீடே கருவியின் ஒரு பகுதி ஆயிற்று! படையிலிருந்து திரும்பிய ஒருவர், வீட்டின் சுவர்களையே இசைக்குத் துணை சேர்த்துக்கொண்டார் என்பது எத்துணைப் பொருள் பொதிந்த செய்தி!

அடுத்த தலைமுறையினர் வியட்நாம் போருக்குச் சென்ற அமெரிக்க இளைஞர்கள். 1975 வரை நீடித்த அப்போரில் பணியாற்றியவர்களுக்கு, இராணுவக் கடைகளின் வழியே ஜப்பானியக் கருவிகள் மலிவாகக் கிடைத்தன. அக்காய், டியாக், சான்சூய், பயனியர் முதலிய பெயர்கள் அமெரிக்கக் குடும்பங்களில் பரவியதற்கு அவ்வீரர்கள் அஞ்சலில் அனுப்பிய பொதிகளும் ஒரு காரணம். அக்கருவிகள் இசைக்கு மட்டும் பயன்படவில்லை. சிறிய நாடாச் சுருளில் தம் குரலைப் பதிவு செய்து வீட்டிற்கு அனுப்பினர். வீட்டார் தம் குரலைப் பதிவு செய்து மறுமொழி அனுப்பினர். எழுத்துக் கடிதத்தில் 'நலமாக இருக்கிறேன்' என்று எழுதி மறைத்துவிடலாம். குரலில் மறைக்க இயலுமா? தாய் அதைக் கேட்டவுடனே அறிந்து கொள்வாள். வளைகுடா நாடுகளிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பிய நம் பிள்ளைகளின் குரலைக் கேட்டு அழுத அன்னையருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு வீரர்களின் நிலை என்ன? பனிமலை முகாமிலும் பாலைவனச் சாவடியிலும் அவர்களுக்குத் துணை நின்றது வானொலியே. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் தொடங்கிய விவித பாரதி, படைவீரர்கள் விரும்பும் பாடல்களுக்கென்றே 'ஜெய்மாலா' என்னும் நிகழ்ச்சியை ஒலிபரப்பி வந்தது. அதன் வழியே, இந்தி அறியாது சென்ற நம் ஊர்ப் பிள்ளைகளும் இந்திப் பாட்டுக்குத் தலையசைக்கப் பழகினர். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடலொன்று இரைச்சலுக்கிடையே கிடைத்துவிட்டால் அன்று முகாமிலுள்ள தமிழர்களுக்கெல்லாம் திருநாள். அலைவரிசை நழுவாதபடி குமிழை மயிரிழையளவு திருப்பித் திருப்பி, இரைச்சலைப் பிரித்துப் பாட்டை மீட்கும் கலையை அவர்கள் அங்கேதான் கற்றனர்.

சிலருக்கு அது தொழிலாகவே அமைந்தது. 1911-ல் தோன்றிய நம் தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவு, ஜபல்பூரில் தன் வீரர்களைப் பயிற்றுவிக்கிறது. மோர்ஸ் குறியீட்டில் ஒரு புள்ளியைக் கோடாகக் கேட்டுவிட்டால் செய்தியே மாறிவிடும். செவி தவறினால் உயிர் தவறும் என்ற நிலையில் பழகியவர், பிற்காலத்தில் ஒரு பாட்டில் வீணையின் தந்தி சற்றே கரகரப்பதைக் கேட்டாலும் பொறுக்கமாட்டார். 1954-ல் பெங்களூரில் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் படைக்குரிய தொடர்புக் கருவிகளைச் செய்வதோடு, 1961 முதல் வானொலி வால்வுகளையும் உற்பத்தி செய்தது. படையில் கருவிகளைப் பழுது பார்த்தவர்கள் ஊர் திரும்பி வானொலிக் கடை வைத்ததும் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களும், பர்மா பஜாரில் வெளிநாட்டுக் கருவிகளும் தேடித் திரிந்ததும் உண்டு.

ஆயினும் தொழிற்பயிற்சி மட்டுமே இப்பற்றுக்குக் காரணமாகாது. சமையற்காரராகவும், ஓட்டுநராகவும், காலாட்படை வீரராகவும் இருந்தவர்களுக்கும் இது வாய்த்திருக்கிறதே! சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறு காரணங்கள் புலனாகும்.

படை வாழ்வு ஓசைகளால் ஆளப்படும் வாழ்வு. விடியலில் எழுப்புவது எக்காளம். அணிவகுப்பில் நடத்துவது முரசும் பேண்டு வாத்தியமும். களத்தில் எச்சரிப்பது வெடியோசை. தோழனின் உடலை அடக்கம் செய்கையில் விடை கொடுப்பதும் எக்காளமே. இவ்வாழ்வில் அமைதிகூட அச்சத்திற்குரியது. ஏனெனில் எல்லையில் இரவின் அமைதியை அவர் ஓய்வாகக் கேட்பதில்லை, காவலாகக் கேட்கிறார். சருகு அசைந்தாலும் செவி நிமிரும். இவ்வாறு பல ஆண்டுகள் காவல் நின்ற செவிக்கு, 'இனி நீ அஞ்சாமல் கேட்கலாம்' என்று சொல்லி ஓய்வளிப்பது எது? அடுத்த கணம் என்ன வரும் என்று தாம் முன்பே அறிந்த பாட்டு. பல்லவிக்குப் பின் அனுபல்லவி வரும், சரணம் வரும், வெடி வராது. இந்த உறுதியே அவர் நாடும் இளைப்பாறல்.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். சாதாரண வீரர் ஒருவர் ஓய்வூதியத்திற்குரிய 15 ஆண்டுச் சேவையை முடித்துச் சில ஆண்டுகளில் வெளிவருகையில் அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பியிராது. 2022-ல் அறிவிக்கப்பெற்ற அக்னிபத் திட்டத்தில் சேர்வோருள் பெரும்பாலோர் நான்கே ஆண்டுகளில் திரும்பிவிடுவர். ஊரில் அவரோடு படித்தவர்கள் நிலம், கடை, உறவு என்று வேரூன்றிவிட்டனர். மனைவி அவரின்றியே குடும்பத்தை நடத்தப் பழகிவிட்டாள். பிள்ளைகளுக்கு அவர் ஆண்டுக்கு இருமுறை விடுப்பில் வரும் விருந்தினர். தம் வீட்டிலேயே தமக்கு இடம் எது என்று அறியாது நிற்கும் மனிதர், தம் கைக்குக் கட்டுப்படும் ஒரு கருவியை, தம் சொற்படி ஒழுங்காக இயங்கும் ஒரு மூலையை அமைத்துக் கொள்கிறார். கம்பிகளை ஒழுங்குபடுத்துகிறார், தூசி துடைக்கிறார், ஸ்பீக்கர்களை அளந்து வைக்கிறார். உடுப்பையும் ஆயுதத்தையும் பேணிய அதே ஒழுங்கு இங்கே உயிர் வாழ்கிறது.

இதே நிலையிலுள்ள வேறொருவர் வந்து அருகில் அமர்ந்துவிட்டால் கேட்க வேண்டுமா! கார்கிலைப் பற்றியோ இலங்கையைப் பற்றியோ இருவரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். 'இந்த வால்வு எங்கே கிடைத்தது? இந்த ஊசி எத்தனை மணி நேரம் ஓடும்?' என்றே பேச்சு நடக்கும். கேட்பவருக்கு அது வெறும் கருவிப் பேச்சாகத் தோன்றும். எனினும் அரை மணி நேரம் ஒரே பாட்டைச் சேர்ந்து கேட்டு எழும்போது, சொல்லாத பலவற்றை ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டவர்களாகவே அவர்கள் பிரிகிறார்கள். கான்டீனிலிருந்து பெற்ற புட்டியைச் சுற்றிக் கூடும் கூட்டத்தையும், பாட்டுப் பெட்டியைச் சுற்றிக் கூடும் கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இல்லத்தரசி, எதை வரவேற்பது என்பதைத் தானே முடிவு செய்து கொள்வாள்.

இனி, இன்பமான இச்செய்தியின் மறுபக்கத்தையும் காண வேண்டும். நல்லொலியை நாடும் அவ்வீரரின் செவியே சேவையில் காயமுற்றதாக இருக்கலாம். துப்பாக்கி வெடிக்கும்போது, சுடுபவரின் காதருகே ஒலியளவு 140 டெசிபலைக் கடந்துவிடுகிறது. அவ்வளவு ஒலி ஒரு கணம் தாக்கினாலும் உட்செவி ஊறு படக்கூடும். உட்செவியில், நத்தை ஓடு போன்ற சுருளுக்குள், ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் சுமார் 15,000 உள்ளன. மனிதரிடத்தில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பெறும் சேவைக் குறைபாடுகளுள் முதலிடம் வகிப்பது காதிரைச்சலே; செவித்திறன் இழப்பும் முன்வரிசையில் உள்ளது. காலையும் கையையும் இழந்தவரை நாம் கண்டுகொள்கிறோம். செவியை இழந்தவரைக் கண்டுகொள்வதில்லை.

இவ்விழப்பு பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில்தான் தொடங்குகிறது. குரலின் உரப்பு கேட்கும். ஆனால் சகரமும் தகரமும் ககரமும் ஒன்றோடொன்று குழம்பும். ஆண்களின் தடித்த குரல் விளங்கும். பெண்களின் குரலும் குழந்தைகளின் மழலையும் விளங்கா. ஆகவே, 'தாத்தாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது; நான் சொன்னால் மட்டும் கேட்காதது போல் இருக்கிறார்' என்று பேத்தி குறைப்படுகிறாள். மனைவி, 'என் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை' என்று மனம் வெதும்புகிறாள். அவரோ, 'எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்' என்று சினந்து, பேச்சிலிருந்து விலகி, பாட்டுப் பெட்டியின் குமிழை மேலும் திருப்புகிறார். எவரிடத்தும் குற்றமில்லை, ஆயினும் குடும்பம் பிளவுபடுகிறது. உங்கள் வீட்டில் இப்படி நிகழ்கிறதா? கோபித்துக் கொள்ளுமுன் செவியைப் பரிசோதியுங்கள்.

அவ்வாறு பரிசோதித்து, காதுக் கருவி அணிய வேண்டும் என்று மருத்துவர் கூறினால் பலரும் வெட்கமுற்று மறுக்கிறார்கள். இது எவ்வளவு விந்தை! ஒலியை வாங்கும் மைக், அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், வெளியிடும் ஸ்பீக்கர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே காதுக் கருவி. அலமாரியில் வீற்றிருக்கும் பெரிய செட்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவிட்டுப் பெருமை கொள்பவர், அதே மூன்று உறுப்புகள் கொண்ட சிறிய செட்டைக் காதின் பின்னால் வைக்க நாணுவது ஏன்? முன்னது பாடகரின் குரலைத் தருகிறது; பின்னது பேத்தியின் குரலைத் தருகிறது. எது உயர்ந்த நல்லொலி என்று அவரே தீர்ப்புச் சொல்லட்டும்.

இதற்கு வழியில்லை என்றும் சொல்வதற்கில்லை. முன்னாள் படைவீரர்களுக்கென 2003 ஏப்ரல் மாதத்தில் தொடங்கப்பெற்ற பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் காதுக் கருவிக்கும் இடமுண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். காலம் தாழ்த்துவதால் வரும் கேடு செவியோடு நிற்பதில்லை. முதுமையில் நினைவாற்றல் குன்றும் நோய்க்கு, தடுக்கக்கூடிய காரணங்களுள் ஒன்றாகச் செவித்திறன் இழப்பையும் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2017-லும், 2020-லும், 2024-லும் குறிப்பிட்டுள்ளது.

செவி நலத்தோடிருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். வாரத்திற்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்பதே பாதுகாப்பான எல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒலியளவு 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது. கேட்கத்தக்க நேரமோ பாதியாகிறது. காதுக்குள் செருகும் சிறு ஸ்பீக்கர்களோடு உறங்கும் பிள்ளைகளின் பெற்றோர் இக்கணக்கை மனத்தில் கொள்ளட்டும். போர்முனைக்குச் செல்லாமலேயே போர்வீரரின் காதிழப்பை அடைந்துவிட வேண்டாம். நம் ஆலயத் திருவிழாக்களும் இதற்கு விலக்கல்ல. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆலயக் கோபுரத்தில் கூம்புகளைக் கட்டி ஊரையே அதிர வைப்பதால் பக்தி பெருகுவதில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் உறக்கமே கெடுகிறது.

அன்பான முன்னாள் வீரர்களே, உங்களுக்கும் உரிமையோடு சிலவற்றைக் கூற விழைகிறேன். நல்ல கருவி வேண்டும் என்ற ஆசை நல்லதே. ஆனால் கடன் வாங்கி வாங்கிய கருவி இன்னிசை தராது. மாதந்தோறும் வட்டியையே பாடும். மகளின் கல்லூரிக் கட்டணம் நிலுவையிலிருக்கும்போது புதிய ஆம்ப்ளிஃபயர் வீட்டிற்குள் நுழைய வேண்டாம். கருவியைப் பிறர் தொடக்கூடாது என்று காவல் நிற்காதீர்கள். மகனுக்கு இசைத்தட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், விளிம்பை மட்டும் தொட்டு, பள்ளங்களில் விரல் படாமல். ஊசியை மெதுவாக இறக்கும் அக்கணத்தில் தந்தையும் மகனும் சேர்ந்து மூச்சை அடக்கிக் காத்திருப்பார்களே, விடுப்பின் போது கிட்டாத நெருக்கம் அங்கே கிட்டும்.

குடும்பத்தாரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் ஜவ்வாது மலைமீது காவலூரில் வான் ஆய்வுக்கூடம் இருப்பதை அறிவீர்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்கி வருகிறது. அவ்விடத்தை ஏன் தேர்ந்தார்கள்? நகரத்து விளக்கொளி எட்டாத இருள் அங்கே இருந்தமையால்தான். மங்கலான விண்மீனைக் காண இருள் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை மெல்லிய ஒலியைக் கேட்க அமைதி. ஆகவே வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு அவருடன் அமர்ந்து கேளுங்கள். அவர் விரும்பும் ஒரு பாட்டு, பாட்டி விரும்பும் ஒரு பாட்டு, பிள்ளைகள் விரும்பும் ஒரு பாட்டு என்று முறை வைத்துக் கொள்ளலாம். இது எங்கே கேட்ட பாட்டு, அப்போது யார் உடனிருந்தார் என்று யாரேனும் மெல்லக் கேளுங்கள். பல ஆண்டுகளாகத் திறவாத டிரங்குப் பெட்டி அன்று திறக்கக்கூடும். திறக்காவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம். அருகில் அமர்ந்திருந்ததே போதுமானது.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தபின், கேள்விக்கென்று நாற்பத்திரண்டாம் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். கேட்பதும் ஒரு கல்வி என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அது ஒலியை அறைக்குள் கொணர்ந்து விடுவதோடு தன் கடமையை முடித்துக் கொள்ளும். அதன்பின் கேட்பது நம் பொறுப்பு. நாட்டைக் காத்து வந்தவரின் குரல் அவ்வீட்டில் கேட்கப்பட வேண்டும். வீட்டாரின் குரலும் அவர் செவியை அடைய வேண்டும். இவ்விரண்டும் கூடும் நாளில், படை வீட்டிற்குத் திரும்பிவிட்டது என்று நாம் மகிழ்ந்து சொல்லலாம்.